வண்டி சூடா வரணும்

அந்தம்மா கையில எப்பவும் ஒரு சொம்பு தண்ணி இருக்கும். குடிக்கறதுக்கு இல்ல. வண்டி வந்து நின்னவுடனே நம்ம மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டாங்க. நேரா பின்னால போயி குந்திக்கினு, சைலன்சர் மேல நாலு சொட்டு தெளிப்பாங்க. தோசக்கல்லு காஞ்சுதான்னு பாப்பாங்களே, அந்த மாதிரி. சுர்ருன்னு சத்தம் கேட்டா, "ம், இஞ்சின ஓட உடு"ம்பாங்க. கேக்கலன்னா எழுந்து பொடவையத் தட்டிக்கினு நெழலுக்குப் போயிடுவாங்க.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் திரும்பற எடத்துல, சர்வீஸ் ரோட்டு ஓரமா ஒரு புங்கமரம். அதுக்குக் கீழ ஓடாத பழைய வேன் ஒண்ணு. உள்ள ஒரு கம்ப்யூட்டரு, டெஸ்ட் மிஷினு, ஒரு டேபிள் பேனு. அதுதான் அவங்க பொக டெஸ்ட் எடுக்கற எடம். நம்ம வண்டி விடற பொக கவர்மெண்டு சொன்ன அளவுக்குள்ள கீதுன்னு ஒரு பேப்பர் அடிச்சுக் குடுப்பாங்க. அந்தப் பேப்பர் இல்லாம எப்.சி.க்கு, அதான் வண்டி ஓடத் தகுதியான்னு பாக்கற டெஸ்ட்டுக்குப் போனா வண்டியத் திருப்பி அனுப்பிடுவாங்க. எப்.சி. இல்லன்னா வண்டி ரோட்டுல எறங்கக் கூடாது. எங்கள மாதிரி வேன்காரனுங்க பொழப்பு அந்த ஒத்தப் பேப்பர்லதான் தொங்கினு இருந்துச்சு.

அவங்க பேர நான் சொல்லப் போறதில்ல. ஒரு தடவ அந்தப் பேர ஒரு காயிதத்துல எழுத வெச்சேன். அதுவே போதும்.

மொத தடவ நான் போனப்ப என் வண்டி சுர்ருன்னு சொல்லல. கவரப்பேட்டையில இருந்து வந்து, பக்கத்துல ஒரு சவாரி எறக்கி, ஒரு மணி நேரம் தூங்கிட்டு அப்பிடியே போயிட்டேன்.

"வண்டி ஜில்லுனு கீது நைனா. டோல்கேட் வரிக்கும் ஓட்டிக்கினு திரும்பி வா."

அவங்களுக்குச் சொந்த ஊரு ஆந்திரா ஓரமா ஆரம்பாக்கம் பக்கம். சின்னவன் பெரியவன் எல்லாரும் அவங்களுக்கு நைனாதான். எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துச்சு. வண்டி ஜில்லுனு இருந்தா இவங்களுக்கு இன்னா, சூடா இருந்தா இன்னா? ஓட்டறேன்னு சொல்லிட்டு, எதிர்ல இருந்த டீக்கடைக்குப் பின்னால வண்டிய நிறுத்தி, ஒரு டீ, ரெண்டு பட்டர் பிஸ்கட்டு. கால் மணி நேரம் கழிச்சு வேர்த்து விறுவிறுத்த மாதிரி வந்து நின்னேன். தண்ணி தெளிச்சாங்க. கம்னு கெடந்துச்சு சைலன்சரு.

"டீ நல்லா இருந்துச்சா?"ன்னாங்க.

எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு டோல்கேட்டுக்கு வண்டிய மெதிச்ச மெதியில ரோட்டுல போனவனெல்லாம் ஒதுங்கினான். திரும்பி வந்தப்ப சுர்ருன்னுச்சு. அப்பக்கூட சிரிக்கல அவங்க. "இஞ்சின் சூடாவாம டெஸ்ட் எடுத்தா பொக பொய் சொல்லும் நைனா. லைட்ட அணை, பாட்ட அணை, வாயையும் கொஞ்சம் அணை"ன்னுட்டுக் குழாய உள்ள உட்டாங்க.

மரத்துல ஒரு தகரம் ஆணி அடிச்சு மாட்டியிருப்பாங்க. நீலப் பெயிண்டுல கோணக்கால் கையெழுத்து. வண்டி சூடா வரணும். ஏர் பில்டர தட்டிட்டு வரணும். ஆயில் பாத்துட்டு வரணும். சைலன்சர்ல ஓட்ட இருக்கக் கூடாது. இந்த நாலும் இல்லாம வந்தா மிஷின தொட மாட்டாங்க. நீ மந்திரியா இரு, மாட்டு வண்டிக்காரனா இரு. அதனால டிரைவருங்க அவங்களுக்கு ஹெட்மிஸ்ட்ரசுன்னு பேர் வெச்சிருந்தானுங்க. அந்தப் பேர வெச்சதே நான்தான். அப்ப ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

ஒரு தடவ பில்டரக் கயட்டித் தட்டச் சொன்னாங்க. கல்லு மேல தட்டறேன், கரி கொட்டுது, ஒரு படி இருக்கும். கருகருன்னு கண்ணுக்கு மை வெக்கலாம். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்.

"இந்தாம்மா, இது என் வண்டி பொகையா? தோ நிக்குதே, அந்தச் சிம்னி விட்ட பொக! எங்க ஊரு நெல்லு மேல படியுது, தொவைச்ச துணி மேல படியுது, வெக்கப்போர் மேல படிஞ்சா மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. அங்க போயி உன் குழாய உடேன் பாக்கலாம்! ஊருக்கு எளச்சவன் வேன்காரன், இல்ல?"

சுத்தி நின்னவனுங்க விசில் அடிச்சானுங்க. அந்தம்மா சிம்னிய ஒரு தடவ அண்ணாந்து பாத்தாங்க. "அத்த இட்டாந்து இங்க நிறுத்து நைனா. அதுக்கும் தண்ணி தெளிக்கிறேன்"னாங்க.

எல்லாரும் சிரிச்சானுங்க. அந்தம்மா சிரிக்கல. அவங்க மெய்யாலுமேதான் சொன்னாங்க. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எப்பிடி சண்ட போடறது? கை ஓங்கினாத்தானே தடுக்க முடியும். அவங்க பாட்டுக்கு ஒரு கையில இட்லியப் பிச்சி நாஷ்டா துன்னுகினு, இன்னொரு கையால குழாயப் புடிச்சிக்கினு நிப்பாங்க. வண்டியில பொம்பளைங்க யாரனா இருந்தா வேனுக்குள்ள இருந்து குடிக்கறதுக்குத் தனியா பான தண்ணி மொண்டு குடுப்பாங்க. வேன்காரனுக்குக் குடுக்க மாட்டாங்க. கேட்டா, "உனுக்குத்தான் டீக்கட தெரியுமே"ம்பாங்க. நாலு வருஷம் கழிச்சும் அந்த டீய அவங்க மறக்கல.

அப்புறம் ஒரு நாளு கொடி கட்டின கார் ஒண்ணு வந்துச்சு. டிரைவர் எறங்கக்கூட இல்ல, கண்ணாடிய மட்டும் எறக்கி, "ஐயா மீட்டிங்குக்குப் போறாரு, சீக்கிரம் அடி"ன்னான். அந்தம்மா போய்த் தெளிச்சாங்க. சத்தம் இல்ல. "ஐயா போவட்டும். கார் ஜில்லுனு கீது"ன்னுட்டு நெழலுக்கு வந்துட்டாங்க. உதாரு, மெரட்டலு, ஏக வசனம், எல்லாம் நடந்துச்சு. அவங்க மரத்தடியில நின்னு சொம்பக் கழுவினாங்க.

பத்து நாள் கழிச்சு எதிர்ப்பக்கம் ஒரு பெரிய கலர் குடைய நட்டு, புதுசா ஒரு ஆளு பொக டெஸ்ட் தொறந்தான். அவன்கிட்ட வண்டியே போவ வேணாம். நம்பர் பிளேட்ட ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்புல தட்டிவுட்டா, வண்டி ஊட்டு வாசல்ல தூங்கும், பேப்பர் போனுக்கு வந்துடும். குடைக்குக் கீழ கூட்டம் ஜேஜேன்னு ஆயிடுச்சு. புங்கமரத்தடி காலி. அன்னிக்குத்தான் அந்தம்மா ஏணி போட்டு ஏறி, தகரத்துல அஞ்சாவதா ஒரு வரி எழுதினாங்க. வண்டி வரணும்.

டீக்கடையில அத்தப் படிச்சுட்டு நாங்க சிரிச்ச சிரிப்பு! "வண்டி வராம இன்னா, டிரைவர் வாயில குழாய உடுவாங்களா?"ன்னு நான் கேட்டேன். இப்ப நெனச்சா என் வாயில நானே போடணும்னு தோணுது.

சிரிச்சாலும் நான் அந்தம்மாகிட்டதான் போய்க்கினு இருந்தேன். நல்லவன்றதால இல்ல. எப்.சி. பாக்கற ஆபீசுக்குப் புதுசா ஒரு அதிகாரி வந்திருந்தாரு. குடைக்காரன் பேப்பரப் பாத்தா வண்டிய அக்கக்காக் கயட்டச் சொல்லுவாரு. புங்கமரத்துப் பேப்பரப் பாத்தா, "அந்தம்மாவா, அவங்க பாத்தா சரியா இருக்கும்"னு கையெழுத்துப் போட்டுடுவாரு. அந்தம்மா பேருக்கு அங்க ஒரு மரியாத. அத்த நான் பயன்படுத்திக்கினேன், அவ்ளோதான்.

இப்ப என் வண்டியப் பத்திச் சொல்லணும். பழைய பெட்ரோல் வேன். எங்க பக்கத்து நாலு ஊருல எட்டுப் பொம்பளைங்கள ஏத்திக்கினு காலைல சிப்காட்டுல ஒரு கம்பெனியில எறக்கி, சாயந்தரம் ஊட்டுல உடணும். அதுல ஒருத்தி என் ஊட்டுக்காரி கஸ்தூரி. மத்த பொம்பளைங்களுக்கு எடம் உட்டுட்டு அவ பின் சீட்டுலதான் குந்துவா. ஓனர் பொண்டாட்டி பின் சீட்டான்னு கிண்டல் பண்ணுவாங்க.

அந்த வருஷம் ஆடி மாசத்துல இருந்தே கஸ்தூரி தல நோவுது, தல நோவுதுன்னு சொல்லிக்கினு இருந்தா. வண்டிக்குள்ள ஒரு மாதிரி நாத்தம் அடிக்குதுன்னும் சொன்னா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "சிப்காட் நாத்தம்டி, இன்னா புதுசா?"ன்னேன். எங்க பக்கம் அப்பிடித்தான். இருமல்னா கம்பெனிப் பொக, கண்ணு எரிஞ்சா கம்பெனிப் பொக, பால் திரிஞ்சாக்கூடக் கம்பெனிப் பொக. பாதி உண்மையும்தான். அந்தப் பாதிய நம்பி மீதியக் கோட்ட விட்டோம். சொந்த வண்டியில இருந்து வர்ற நாத்தத்த எட்டுப் பொம்பளைங்களும் நானும் ரெண்டு மாசமா கம்பெனி மேல போட்டுக்கினு இருந்தோம்.

புரட்டாசியில எப்.சி. தேதி வந்துச்சு. அதுக்கு மொத நாள் சாயந்தரம், எல்லாரையும் எறக்கிட்டு, கஸ்தூரியோட புங்கமரத்தடிக்குப் போனேன். வண்டி நல்லா சூடு. தெளிச்சாங்க, சுர்ருன்னுச்சு. குழாய உட்டாங்க. மிஷின்ல நம்பர் வந்துச்சு, எல்லாம் அளவுக்குள்ள. எனக்குச் சந்தோசம். ஆனா அந்தம்மா மொகம் சரியில்ல. மூக்க உறிஞ்சிப் பாத்தாங்க. கோணிச்சாக்கு ஒண்ண தண்ணியில நனச்சு, ஓடற வண்டியோட சைலன்சர் வாய அமுக்கிப் புடிச்சாங்க.

"காத கீழ குடு நைனா."

மண்ணுல கைய ஊணிக் குனிஞ்சேன். பின் சீட்டுக்கு நேர் கீழ, பைப்புல இருந்து புஸ்ஸுன்னு ஒரு சத்தம். நான் ஏற்கெனவே அங்க பவுடர் டப்பா தகரத்தச் சுத்தி, கம்பி கட்டி, பசையப் பூசி வெச்சிருந்தேன். அது எப்பவோ வாயப் பொளந்துகினு இருந்துச்சு.

"மிஷின் பாஸுன்னு சொல்லுதேம்மா"ன்னேன்.

"மிஷின் வெளிய வர்றதத்தான் மோந்து பாக்கும். உள்ள போறத யாரு மோந்து பாக்கறது?" அப்பிடின்னுட்டு கஸ்தூரி பக்கம் திரும்பினாங்க. "நீ எங்க கண்ணு குந்துவ?"

"பின் சீட்டுலக்கா."

"தல நோவுதா?"

"டெய்லி நோவுதுக்கா."

அந்தம்மா சாக்கக் கீழ போட்டாங்க. "பைப்ப மாத்திக்கினு வா. பேப்பர் இல்ல."

பைப்பு மாத்தறதுன்னா பழைய வண்டிக்கு மெட்ராசுல இருந்துதான் வரணும். ரெண்டு நாளாவது ஆவும். நாளைக்கு எப்.சி. உட்டா கம்பெனி ஓட்டத்த வேற வேன்காரன் கொத்திக்கினு போயிடுவான், வாசல்லயே காத்துக்கினு கீறான். சொன்னேன். கெஞ்சினேன். அவங்க தலைய ஆட்டினாங்க. அப்ப வந்த ஆத்திரத்துல நான் சொல்லக் கூடாத ஒண்ணு சொல்லிட்டேன். அவங்க புருசன் லாரி மெக்கானிக்கு, சின்ன வயசுலயே போயிட்டாராம். "இந்தப் புடிவாதத்துக்குத்தான் உனக்கு ஊட்டுக்காரன் தங்கல"ன்னேன்.

அந்தம்மா சொம்புல மிச்சம் இருந்த தண்ணிய மரத்து வேர்ல ஊத்தினாங்க. போயி வேற தண்ணி மொண்டுக்கினு வந்தாங்க.

கஸ்தூரிதான் என்னைப் புடிச்சுத் தள்ளினா. "வாயா அது, சாக்கடையா?"ன்னு என்னைத் திட்டிட்டு, அந்தம்மா கையப் புடிச்சுக்கினா. "அக்கா, இந்த ஆளுக்காக வேணாம். எட்டுப் பேரு, அக்கா. ஒரு நாளு லேட்டா போனா கேட்டுக்கு வெளியவே நிறுத்திடுவான். வண்டியே இல்லன்னா வேலையும் இல்ல. ரெண்டே நாள்ல மாத்திடுவோம், நான் மாத்த வெக்கிறேன்"ன்னு அழுதா. யாரு மூக்குக்குள்ள அந்தப் பொக போவுதோ, அவளே கையப் புடிச்சுக்கினு கெஞ்சறா. அந்தம்மா ரொம்ப நேரம் அவ மூஞ்சியவே பாத்தாங்க.

அப்புறம் நம்பர் பிளேட்ட ஒரு போட்டோ எடுத்துக்கினு அவங்க வேனுக்குள்ள ஏறினாங்க. மிஷின்ல வந்த நம்பர அப்பிடியே ஏத்தினாங்க. பேப்பர் வந்துச்சு. குடுக்கறதுக்கு முன்னால எங்கிட்ட சொன்னாங்க. "பைப்பு மாத்தற வரிக்கும் பின் சீட்டுல யாரும் குந்தக் கூடாது. ஜன்னலு தொறந்தே இருக்கணும். ஸ்டேரிங்கத் தொட்டுச் சொல்லு." தொட்டுச் சொன்னேன். அந்த நாலு வருஷத்துல அவங்க தகரத்துல எழுதினத அவங்களே மீறினது அந்த ஒரு தடவதான். அதுவும் என் வண்டிக்கு.

எனக்கு இன்னிக்கும் அவங்க மேல கோவம் கீது. ஏம்மா எறங்கி வந்தீங்க? கொடி கட்டின காருக்கு எறங்கல, உதாருக்கு எறங்கல, ஒரு பொம்பள கண்ணுல தண்ணி வந்ததுக்கு எறங்கிட்டீங்களே. இன்னும் ஒரு தடவ தலைய ஆட்டியிருந்தா ஓட்டம் போயிருக்கும், நான் ஒரு மாசம் திட்டியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்.

எப்.சி. ஆயிடுச்சு. பைப்பும் மூணாம் நாளே வந்துடுச்சு. பேப்பர் சுத்தி ஊட்டுல கட்டிலுக்குக் கீழ வெச்சேன். மெக்கானிக்கு அரை நாள் வண்டிய உடணும்னான். ஞாயித்துக்கெழம உடலாம்னு பாத்தா, ஞாயித்துக்கெழம ஓவர்டைம். அடுத்த வாரம் ஒரு காதுகுத்து சவாரி. அதுக்கடுத்த வாரம் இன்னாவோ. கஸ்தூரி தெனம் கேட்டா, தெனம் நான் நாளைக்குன்னேன். கூட்டும்போதெல்லாம் தொடப்பம் அந்தப் பைப்புல இடிக்கும். மொதல்ல ரெண்டு வாரம் பின் சீட்டு காலியா இருந்துச்சு. அப்புறம் முன்னால நெருக்குதுன்னு அவளே பின்னால போயிக் குந்திக்கினா. நான் பாத்தும் பாக்காத மாதிரி ஓட்டினேன். சோம்பேறிப் பேமானி, நான்தான், வேற யாரு.

ஐப்பசி மழ. பொளந்து கட்டுச்சு. சிப்காட் திருப்பத்துல முட்டி வரிக்கும் தண்ணி. முன்னால லாரி, பின்னால லாரி, வண்டி நவுரல. இஞ்சின அணைச்சா மறுபடி கெளம்பாதோன்னு பயந்து ஓடவிட்டே வெச்சிருந்தேன். சாரல் அடிக்குதுன்னு பொம்பளைங்க ஜன்னலெல்லாம் இழுத்து மூடிட்டாங்க. நான் மட்டும் என் பக்கத்துக் கண்ணாடியப் பாதி எறக்கி, தலைய வெளிய நீட்டி முன்னால போறவனத் திட்டிக்கினு இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலயே இருக்கும். பின்னால பேச்சு சத்தம் நின்னுபோச்சு. மழைக்குத் தூங்கறாளுங்கன்னு நெனச்சேன்.

கம்பெனி கேட்டுல நிறுத்தி, "எறங்குங்கம்மா, இதுக்கே லேட்டு"ன்னு கத்தினேன். யாரும் எறங்கல. கதவ இழுத்தேன். முன்னால இருந்த ரெண்டு பேரு தலையப் புடிச்சுக்கினு வாந்தி எடுத்தாங்க. நடுவுல இருந்தவங்களுக்குக் காலு நிக்கல. கஸ்தூரி பின் சீட்டுல கண்ணாடி மேல தலைய சாச்சிக்கினு இருந்தா. கூப்பிட்டா கண்ணு தொறக்கல. எனக்கு அல்லு உட்டுடுச்சு. செக்யூரிட்டிங்க ஓடி வந்து தூக்கினாங்க.

சாமி புண்ணியம், ஒரு உயிரும் போவல. ஏழு பேர ரெண்டு நாள்ல ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. கஸ்தூரிக்கு மட்டும் மூக்குல குழாயோட ஒம்போது நாளு. வண்டிப் பொகையில கண்ணுக்குத் தெரியாத வெஷக் காத்து ஒண்ணு கீதுன்னும், மூடின எடத்துல அது ஆளத் தூங்க வெச்சே கொன்னுடும்னும் டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு அந்த புஸ்ஸுன்ற சத்தம்தான் காதுல கேட்டுச்சு.

கேசு ஆச்சு. மூணாம் நாளு என்னைக் கூப்பிட்டாங்க. ஸ்டேஷன்ல போலீஸ்காரரு, பக்கத்துல எப்.சி. பாத்த அதே அதிகாரி. டேபிள் மேல புங்கமரத்துப் பேப்பரு. எனக்குத் தெரிஞ்ச ஒரு வேன்காரன் வெளியவே காதக் கடிச்சு அனுப்பியிருந்தான். "ஓட்ட இருக்குன்னு தெரிஞ்சு ஓட்டினேன்னு மட்டும் சொல்லிடாத. லைசென்சும் போவும், உள்ளயும் போவ. போட்டோ அனுப்பினேன், பேப்பர் குடுத்துட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. எல்லாரும் பண்றதுதானே, நம்புவாங்க." அப்பிடியே சொன்னேன், எழுதிக்கினாங்க, கீழ கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரிக்கே நம்ப முடியல. "அந்தம்மாவா? போட்டோவுலயா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. ஆள் அனுப்பி அவங்கள வரச் சொன்னாங்க.

வந்தாங்க. கையில சொம்பு இல்ல. சொம்பு இல்லாம அவங்கள நான் பாத்ததே இல்ல. மொதல்ல எங்கிட்டதான் வந்தாங்க. "கஸ்தூரி எப்பிடி கீது?"ன்னாங்க. நான் தரையப் பாத்தேன்.

அதிகாரி பேப்பரக் காட்டினாரு. "தப்பு என்னுதுதான் சார்"ன்னாங்க. "பைப்புல ஓட்ட இருந்துச்சு. தெரிஞ்சுதான் அடிச்சேன். சொல்லிதான் அனுப்பினேன், பின் சீட்டுல குந்தாதீங்க, ஜன்னலத் தொறந்து வைங்கன்னு. ஆனாலும் அடிச்சது தப்பு."

"வண்டிய நீங்க பாக்கவே இல்ல, போட்டோ வெச்சு அடிச்சீங்கன்னு இவர் எழுதிக் குடுத்திருக்காரேம்மா."

அவங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் மொகம் மாறுச்சு. தப்ப ஒத்துக்கும்போது நடுங்காத கொரலு அப்ப நடுங்குச்சு. "இல்ல சார். வண்டி வந்துச்சு. வண்டி வராம நான் ஒரு பேப்பர்கூட அடிச்சதில்ல. இன்னா தண்டன வேணா குடுங்க, மிஷின எடுத்துக்கினு போங்க. வண்டி வந்துச்சுன்னு மட்டும் எழுதிக்கோங்க சார்."

"தப்பா பேப்பர் குடுத்தேன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் வண்டி வந்தா இன்னா, வராட்டி இன்னா?"ன்னு போலீஸ்காரரு கேட்டாரு.

"எனுக்கு அது வேணும் சார்"ன்னாங்க.  என் பக்கம் திரும்பினாங்க. "சொல்லு நைனா."

அதிகாரி என்னைப் பாத்தாரு. "வண்டி வந்துச்சா, வரலியா?"

ஒரு வார்த்த. வந்துச்சுன்னு சொன்னா, ஓட்டையும் தெரியும், சொன்னதும் தெரியும், தெரிஞ்சே எட்டுப் பேர ஏத்தினேன்னு ஆயிடும்.  அந்தம்மா மூஞ்சியப் பாக்காம, அந்தப் பேப்பரப் பாத்துக்கினே சொன்னேன்.

"வரல சார்."

அதிகாரி பெருமூச்சு உட்டாரு. "உங்கள நம்பினேனேம்மா"ன்னாரு.   அந்தம்மா என்னைத் திட்டியிருக்கலாம். சாபம் குடுத்திருக்கலாம். நான் சொன்ன சொல்லுக்கு நாலு சொல்லு திருப்பிக் குடுத்திருந்தா நான் இவ்ளோ பேஜாரா இருக்க மாட்டேன். கதவாண்ட போயி நின்னு, பொடவையத் தட்டிக்கினு, போயிட்டாங்க.

மிஷினுக்கு சீல் வெச்சாங்க. எனக்குக் கொஞ்ச நாளு அலைச்சல், அப்புறம் வண்டி கைக்கு வந்துடுச்சு. கட்டிலுக்குக் கீழ இருந்த பைப்ப அரை நாள்ல மாட்டிட்டான் மெக்கானிக்கு. வெறும் அரை நாளு!

ஆஸ்பத்திரியில இருந்து வந்த ஒரு வாரத்துல கஸ்தூரிக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நடக்கவே தெம்பு இல்ல, தனியா பஸ் ஏறி ஆபீசுக்குப் போயி, நான் கூட இருந்தேன், வண்டி வந்துச்சுன்னு சொல்லியிருக்கா. அந்த அதிகாரி வேற ஊருக்கு மாத்தலாயிட்டாராம். இருந்தவங்க, முடிஞ்ச விசயம்மான்னு அனுப்பிட்டாங்களாம். புங்கமரத்தடிக்கும் போயிருக்கா. வேன் நின்ன எடத்துல எண்ணெக் கற மட்டும் இருந்துச்சாம். சூளூர்பேட்டையில அண்ணன் ஊட்டுல இருக்காங்கன்னு ஒருத்தன் சொன்னான், இட்லிக் கட வெச்சிருக்காங்கன்னு இன்னொருத்தன் சொன்னான். தகரத்த மட்டும் குடைக்காரன் எடுத்து, தன் பந்தலுக்கு மேல கூரையா போட்டுக்கினான். கீழ நின்னு அண்ணாந்து பாத்தா எழுத்து தெரியும்.

கஸ்தூரி இப்ப கம்பெனி பஸ்ஸுலதான் வேலைக்குப் போறா. என் வண்டியில ஏற மாட்டா. கோயிலுக்குன்னாக்கூட ஆட்டோ. சமைக்கிறா, சோறு போடறா, எல்லாம் கீது. ஆனா நான் எதனா சொன்னா, ஒரு பார்வ பாப்பா. எனக்கு சுகரு. "மாத்திர போட்டியா?"ம்பா. "போட்டேன்"ம்பேன். "வண்டி வந்துச்சா, வரலியா?" அவ்ளோதான் கேப்பா. நான் எழுந்து போயி மாத்திரையப் போடுவேன்.

போன வாரம் மறுபடி எப்.சி. வந்துச்சு. வண்டிய டோல்கேட் வரிக்கும் ஓட்டிக்கினு போயித் திரும்பினேன். பில்டரத் தட்டினேன், ஆயில் பாத்தேன். இப்ப அந்தப் பக்கம் குடைக்காரன உட்டா வேற ஆளு இல்ல. என்னைப் பாத்ததும், "இன்னாண்ணே, போட்டோ அனுப்பினா போதாதா, வண்டிய எதுக்கு எடுத்துனு வந்த?"ன்னான். எனக்கு எங்கேர்ந்து அவ்ளோ வெறி வந்துச்சோ தெரியல. "வந்துகீதுடா! எழுந்து வந்து பாருடா! குழாய உடுடா!"ன்னு ரோடே திரும்பிப் பாக்கற மாதிரி கத்திட்டேன். வாட்டர் பாட்டில எடுத்து சைலன்சர் மேல ஊத்தினேன். பைத்தியம்னு நெனச்சிருப்பான். பயந்துகினே குழாய உட்டான்.

சாயந்தரம் கஸ்தூரி சோறு போடும்போது கேட்டா, "டெஸ்ட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"வண்டி வந்துச்சா, வரலியா?"

"வந்துச்சு"ன்னேன். "இன்னிக்கும் வந்துச்சு. அன்னிக்கும் வந்துச்சு."

கரண்டிய அப்பிடியே புடிச்சிக்கினு நின்னா. "இத்த எங்கிட்ட சொல்லி இன்னாயா ஆவப்போவுது?"ன்னா.

ஒண்ணும் ஆவாதுதான். உங்ககிட்ட சொல்லியும் ஒண்ணும் ஆவப்போறதில்ல. இருந்தாலும் எழுதிக்கோங்க. வண்டி வந்துச்சு. அந்தம்மா பின்னால போயிக் குந்தி, சொம்புல இருந்து தண்ணி தெளிச்சாங்க. சுர்ருன்னுச்சு.